நாலில் ஒன்று

இட ஒதுக்கீட்டில் வென்ற பெண் வெறும் பொம்மை என்று வகுப்பு நண்பர் ஒருவர் கூறியபோது நான் வாய் திறக்கவில்லை. என் தாயார் அவ்வாறு வென்ற வார்டு உறுப்பினர். கூட்டத்திற்குத் தந்தையார் செல்வார். பிறகு வீட்டிற்கு வரும் ஏட்டில் அம்மா கைநாட்டு வைப்பார்.

அந்த உறுத்தலோடுதான் நூலகத்தில் தைவானைப் பற்றிப் படித்தேன். அங்கு 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்திலேயே பெண்களுக்கு ஒதுக்கீடு உண்டு. ஒதுக்கிய அளவுக்கு மேல் பெண்களை நிறுத்தக் கட்சிகள் பெரும்பாலும் விரும்பவில்லை என்பது வேறு கதை. 1979-இல் மேடையில் பேசியதற்காகச் சிறை சென்ற லூ ஷியூலியென், 2000-இல் துணைக் குடியரசுத் தலைவரானார்.

ஆனால் என் நெஞ்சை விட்டு அகலாதவர் பெங் வான்ரு அம்மையார். ஜனநாயக முன்னேற்றக் கட்சி வேட்பாளர்களில் நாலில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டுமென்று வாதாடியவர். 1996 நவம்பரில் கட்சி மாநாட்டிற்காகக் கவோசியுங் நகருக்குச் சென்றவர், இரவில் டாக்சியில் ஏறினார். சில நாட்கள் கழித்துப் பிணமாகத்தான் கிடைத்தார். கொலையாளி பிடிபடவேயில்லை. கட்சி அவர் கோரிக்கையை ஏற்றது; 1999-இல் உள்ளாட்சிச் சட்டமும் நாலுக்கு ஒன்று என்றது.

2016-இல் சாய் இங்வென் குடியரசுத் தலைவரானார். அப்பதவிக்கு ஒதுக்கீடே கிடையாது! அவர் அரசியல் குடும்பத்தில் பிறந்தவருமல்லர். இதை நண்பரிடம் கூறினேன். “அது தைவான்” என்றார்.

சென்ற மாதம் ஏடு வந்தபோது அம்மாவுக்கு அதை முழுவதும் படித்துக் காட்டினேன். பெருவிரலில் மை தடவியிருந்தவர், “நம்ம தெருக் கொழாயப் பத்தி ஒண்ணுமே இல்லியே?” என்று கேட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.