சிங்கி இறால்

மகள் தானே தேர்ந்துகொண்ட மாப்பிள்ளை. என் மனைவி அவரோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்தாலும், முதல் விருந்துக்குச் சிங்கி இறால்தான் என்று சொல்லிவிட்டாள்.

குளச்சலில் நல்லவை பெரும்பாலும் உயிரோடு ஏற்றுமதிக்குப் போய்விடும். கால் ஒடிந்ததுதான் நமக்கு. ஆறு வாங்கினேன், விலையில் பாதியைத்தான் வீட்டில் சொன்னேன்.

நம் கடல் சிங்கிக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, சதையெல்லாம் வாலில்தான். ஓட்டைப் பிளந்து, குடலை உருவி, மிளகும் மஞ்சளும் தடவித் தேங்காய் எண்ணெயில் போட்டாள். கண்ணாடி போன்ற சதை வெளுத்ததும் இறக்கிவிட வேண்டும். சரியாகத்தான் இறக்கினாள். ஆனால் பஸ் தாமதம். மறுபடி சுடவைத்தாள்; அதோடு தொலைந்தது. ரப்பர்!

மாப்பிள்ளை நிதானமாக மென்று முடித்தார்.

“அத்தை, இன்னும் ஒன்று இருக்குமா?”

அடுக்களையில் தன் பங்கை வாயில் போட்ட மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு, அவருக்கென்று ஒரு முட்டையைப் பொரிக்கப் போனாள்.