ஆறாவது நிலையம்

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இயன்முறை மருத்துவர் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: பத்து நாள்களுக்கு ஓடக்கூடாது. இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் ஓரமாக ஒரு மாதமாகவே வலி இருந்தது. பயிற்சி அட்டவணையில் ஒரு நாளையும் விட்டுவிட மனமில்லாமல் அதன் மீதே ஓடிக்கொண்டிருந்தாள். பிப்ரவரி இறுதியில் டெல்லியில் மாரத்தான். 42.195 கிலோமீட்டர். அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். இரண்டுமே ஒரே சுவரில், அடுத்தடுத்த தாள்களில், கட்டம் போட்டு ஒட்டப்பட்டிருந்தன.

காலுக்கு அதிர்ச்சி தராமல் மூச்சையும் இதயத்தையும் பயிற்சியில் வைத்திருக்கத் துடுப்பு போடலாம் என்று ஆய்வகத் தோழி ஒருத்தி யோசனை சொன்னாள். சனி, ஞாயிறு இரண்டு நாள்கள். சாலியாற்றில் அரீக்கோட்டிலிருந்து பேப்பூர் கடல்முகம் வரை. வாடகைக்கு ஒரு கயாக் கிடைத்தது. பைகளையும் குடிநீரையும் ஏற்றிக்கொண்டு தன் தோணியில் உடன்வர, முன்பு மணல் வாரும் தொழிலில் இருந்த முதியவர் ஒருவர் இசைந்தார். அக்கரைப் பழக்கப்படி அவள் அவரை 'இக்கா' என்று அழைத்தாள். அவர் அவளை 'மோளே' என்றார்.

சாலியாறு அவளுக்குப் புதிதன்று. நீலகிரியில் தோன்றி 169 கிலோமீட்டர் ஓடிக் கடல் சேரும் ஆறு அது. கூடலூர்ப் பக்கத்தில் அவள் பிறந்த ஊரின் மழைநீரும் பாண்டியாறு, புன்னப்புழை வழியாக அதில்தான் கலக்கிறது. ஆய்வுக்காக எட்டு நிலையங்களில், மாதம் ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் நீர் மாதிரி எடுத்திருந்தாள். ஜீப் கரையில் நிற்கும். அவள் இறங்கிப் புட்டிகளை நிரப்பி, வெப்பநிலையும் உப்புத்தன்மையும் குறித்துக்கொண்டு ஏறிவிடுவாள். ஒரு நிலையத்தில் பத்து நிமிடங்களுக்கு மேல் நின்றதில்லை. ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாலைதான்.

முதல் நாள் காலையில் கைகளால் மட்டும் துடுப்பை இழுத்தாள். ஒரு மணி நேரத்தில் தோள்கள் எரிந்தன. பின்னால் வந்த இக்கா, இடுப்பைத் திருப்பி முதுகால் இழுக்கச் சொன்னார். காலை மிதிகட்டையில் ஊன்றி உடலைத் திருப்பியபோது வலி குறைந்தது, படகும் நேராகச் சென்றது. பிற்பகலில் மாவூர் வந்தது. மூங்கிலைக் கூழாக்கி ரேயான் இழைக்கு அனுப்பிய கிராசிம் ஆலை 1963 முதல் அங்கே இயங்கியது. ஆலைக் கழிவால் நீர் கறுத்து மீன்கள் செத்து மிதந்த ஆண்டுகளை இக்கா அடங்கிய குரலில் சொன்னார். எதிர்க்கரையான வாழக்காட்டில் அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தை நடத்திய கே. ஏ. ரஹ்மான் 1999-இல் புற்றுநோயால் இறந்தார். ஆலை 2001-இல் மூடப்பட்டது. இந்த வரலாற்றை அவள் தன் ஆய்வேட்டின் முன்னுரையில் இரண்டு பத்திகளாக எழுதியிருந்தாள். "சோதனைச்சாலைக்காரர்கள் வருவதற்கு முன்பே எங்கள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது, மோளே" என்றார் இக்கா.

அன்று மாலை கவணக்கல் தடுப்பணையில் பயணம் நின்றது. கோடையில் கடலின் உப்புநீர் மேலேறிக் குடிநீரைக் கெடுக்காதிருக்க அங்கே ஷட்டர்களை இறக்கிவிடுவார்கள். கயாக்கைக் கரை வழியே தூக்கிச் சென்று மறுபக்கம் இறக்கினார்கள்.

ஞாயிறு காலை அதற்குக் கீழே துடுப்பு போடத் தொடங்கியதும் கைக்கடிகாரம் மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. முந்தைய நாளைவிட வேகம் கூடியிருந்தது. ஒரே நாளில் உடல் பழகிவிட்டது என்று மகிழ்ந்தாள். பதினொரு மணிக்குப் பிறகு அந்த வேகம் குறையத் தொடங்கியது. நண்பகலில் கடற்காற்றும் எழுந்து முகத்தில் அடித்தது. கடிகாரம் 3-க்கும் கீழே இறங்கியது. இடுப்பைத் திருப்பியும் பயனில்லை. கரையிலிருந்த ஒரே தென்னை நெடுநேரம் பக்கத்திலேயே நின்றது. மேலும் ஒரு மணி நேரம் அவள் பிடிவாதமாகப் போராடினாள். திரும்பிப் பார்த்தபோது இக்கா தோணியைக் கரையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆறு இப்போது மேலே போகிறது. காலையில் கீழே போனது, நீயும் கூடப் போனாய். வா, சாயா குடிக்கலாம்" என்றார்.

அவள் கரையேறிய இடம் அவளுக்கு நன்கு தெரிந்த இடம். சிதைந்த படித்துறையும் அதன் மேல் சாய்ந்த பூவரசும். அதுதான் அவளுடைய ஆறாவது நிலையம்.

அங்கே அவள் மூன்று மணி நேரம் காத்திருந்தாள். அதற்குள் கீழ்ப்படிகள் இரண்டு நீரில் மறைந்தன. மட்டி வாரிக்கொண்டிருந்த பெண்கள் நீர் மார்பளவு வந்ததும் கூடைகளோடு கரையேறினார்கள். நாளை எப்போது வருவீர்கள் என்று கேட்டபோது, இன்றைக்கு இறங்கியதைவிட முக்கால் மணி நேரம் கழித்து என்றாள் ஒருத்தி. கையில் கடிகாரம் இல்லை. காலையில் இந்தத் துறையில் நல்ல நீரும் பிற்பகலில் உப்புநீரும் இருக்கும், அடுத்த வாரம் அது மாறிவிடும் என்று இன்னொருத்தி சொன்னாள்.

ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடங்கள் பிந்தும் என்பதைப் பாடநூலில் படித்திருந்தாள். ஆய்வேட்டின் மூன்றாம் இயலில், வரம்புகள் என்ற தலைப்பின் கீழ், "மாதிரி எடுத்த நேரத்தின் ஓத நிலை கணக்கில் கொள்ளப்படவில்லை" என்று ஒரு வரியும் எழுதியிருந்தாள். தடுப்பணைக்குக் கீழேயுள்ள மூன்று நிலையங்களில் உப்புத்தன்மை ஏறி இறங்கியதைப் பருவமழையின் விளைவு என்று அதே இயலில் விளக்கியிருந்தாள். படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஒரு வரியின் எடை அவளுக்குத் தெரிந்தது. சில மாதங்களில் ஜீப் ஏற்றத்தின்போது வந்திருக்கும், சில மாதங்களில் இறக்கத்தின்போது. காலையில் இறக்கத்தின் வேகத்தைத் தன் வேகமென்று எண்ணியதும் இதே பிழைதான்.

நாலரை மணிக்கு நீர் அசையாமல் நின்றது. காற்றும் தணிந்தது. இக்கா ஒன்றும் சொல்லாமல் கட்டை அவிழ்த்தார். ஃபெரோக் பாலத்தைக் கடந்து, உரு கட்டும் பட்டறைகளின் ஓரமாக, வெளிச்சம் போவதற்குள் பேப்பூரை அடைந்தார்கள்.

திங்கட்கிழமை அவள் நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நல்லவேளையாகக் களக்குறிப்பேட்டில் ஒவ்வொரு மாதிரிக்கும் நேரம் எழுதப்பட்டிருந்தது. மூன்று நிலையங்கள், இருபத்துநான்கு மாதங்கள்: 72 அளவீடுகள். துறைமுக ஓத அட்டவணையோடு ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. பருவத்தின் மாற்றம் என்று எழுதியதில் ஒரு பகுதி ஓதத்தின் மாற்றமாக இருந்தது. இயலை முழுதாகத் திருத்த நேர்ந்ததால் ஆய்வேட்டின் சமர்ப்பிப்பு தள்ளிப்போனது. உதவித்தொகை முடிந்துபோன மாதங்களை வீட்டிலிருந்து வந்த பணத்தில் கழித்தாள்.

டெல்லி ஓட்டத்தில் அவள் கலந்துகொள்ளவில்லை. பத்து நாள்கள் கழித்துக் கால் இன்னும் வலித்ததால் மேலும் மூன்று வாரங்கள் ஓடாமல் இருந்தாள். சுவரிலிருந்த பழைய பயிற்சி அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வரைந்தபோது, தொலைவுக்கும் நேரத்துக்கும் பக்கத்தில் கால் வலியைக் குறிக்க இன்னொரு கட்டம் சேர்த்தாள். மூன்றாம் இயலில் வரம்புகளின் கீழ் இருந்த அந்த வரி இப்போது இல்லை. ஒவ்வோர் அளவீட்டுக்கும் எதிரே ஏற்றம், இறக்கம் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது.