துண்டில் விசிட்டிங் கார்டு வைக்க இடமில்லை

பி.காம். படிக்கும் எனக்கு இன்றுவரை பிடிபடாத பாடம் காஸ்ட் அக்கவுண்டிங் இல்லை. தெரியாத ஆட்களிடம் போய் "ஹலோ, நான் இன்னார்" என்று பேச ஆரம்பிப்பதுதான். கருத்தரங்கு என்று எங்கே போனாலும் டீ, பிஸ்கட்டோடு சுவர் ஓரமாக நின்றுவிட்டு வருகிற ரகம் நான்.

போன செமஸ்டர் மாணவர் பரிமாற்றத்தில் பின்லாந்தின் ஹெல்சிங்கிக்குப் போயிருந்தேன். வகுப்புத் தோழி ஒருத்தி, "ஆடிட் வேலையில் இருப்பவர்கள் சிலர் சவுனாவில் சந்திக்கிறார்கள், புதுசா வர்றவங்களும் வரலாம், வா" என்றாள். என்ன போட்டுக்கொண்டு வரணும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம். துண்டு மட்டும்." தூக்கிவாரிப் போட்டது!

பெண்களுக்குத் தனி இடம் என்று சொன்னாள். என் பிரச்சினை அது மட்டுமில்லை. எட்டு வயதில் வெந்நீர் அண்டா கவிழ்ந்து, இடது தோளிலிருந்து பாதி முதுகு வரை எனக்குத் தழும்பு. அதனால் எந்த உடை தைத்தாலும் கழுத்து ஏறியிருக்கும், கை முழங்கையைத் தொடும். ஹாஸ்டலில் கூட இருந்தவர்களே பார்த்ததில்லை. "காய்ச்சல், வரலை" என்று மெசேஜ் அடித்துக்கூட வைத்துவிட்டேன். ஆனால் போகாவிட்டால், இந்தத் துறையில் ஒருவரைக்கூடச் சந்திக்காமல் ஊர் திரும்பியிருப்பேன். மெசேஜை அழித்துவிட்டுக் கிளம்பினேன்.

போன இடம் காலியோ பகுதியில் இருக்கும் கொத்திஹர்யு. 1928-ல் திறந்த பொது சவுனா. பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். சவுனாக்களோ 30 லட்சத்துக்கும் மேல். நாடாளுமன்றத்திலேயே ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் பிரசவம் பார்த்ததும், இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் உடம்பைப் பார்த்து யார் வெட்கப்படுவார்கள்? 2020-ல் யுனெஸ்கோவும் இந்த வழக்கத்தைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முதலில் நன்றாகக் குளிக்க வேண்டும். பிறகு சின்னத் துண்டு ஒன்றைப் பலகையில் விரித்து அதன் மேல் உட்கார வேண்டும். படிப்படியாக உயரும் மரப்பலகைகளில் மேலே போகப் போகச் சூடு அதிகம். உள்ளே 80 டிகிரிக்கு மேல் இருக்கும். வெந்துவிட மாட்டோமா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன். காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே ஆவியாகி உடம்பைக் காப்பாற்றிவிடுகிறது.

ஆனால் அடுப்பின் மேல் இருக்கும் கற்களில் தண்ணீர் ஊற்றுவார்கள் பாருங்கள்... அப்போது எழும் ஆவிக்கு "லொய்லு" என்று பெயர். 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்டதுமே எனக்கு அண்டா கவிழ்ந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த நொடி தோளில் சூடு அறைந்தது. கத்தாத குறை. எழுந்து வாசலைப் பார்த்தேன்.

கீழ்ப் பலகையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, "இங்கே வந்து உட்கார், சூடு குறைவு" என்றார். என் முதுகைப் பார்த்திருப்பார். "வெந்நீரா?" என்றார். "ஆமாம், மேடம்." "இங்கே மேடம் யாரும் இல்லை." அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் கரண்டியை எடுத்தாலும், "ஊற்றலாமா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஊற்றினார்கள். மூன்று தடவை வேண்டாம் என்றேன். நான்காவது தடவை, "ஊற்றுங்க" என்றேன்.

வெளியே வந்தால் இன்னொரு கூத்து. ஆண்களும் பெண்களும் துண்டைச் சுற்றிக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்து உடம்பை ஆற்றுகிறார்கள்! அங்கேதான் தெரிந்தது, அந்த அம்மா ஒரு ஆடிட் நிறுவனத்தில் பார்ட்னர் என்று. கோட்டு சூட்டில் பார்த்திருந்தால் பக்கத்திலேயே போயிருக்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கொட்டும் பனியில் நின்று மரக்கட்டைகளை எண்ணி ஸ்டாக் சரிபார்த்த கதையைச் சொன்னார். நான் என் ஆர்ட்டிகிள்ஷிப் பயத்தைச் சொன்னேன். கார்டு கொடுக்கத்தான் இருவருக்கும் பாக்கெட் இல்லை!

எல்லாமே இனிப்பு என்று சொல்ல மாட்டேன். 1960-ல் பின்லாந்து அதிபர் கெக்கோனன், சோவியத் தலைவர் குருஷேவைத் தன் வீட்டு சவுனாவில் உட்காரவைத்துப் பேசியதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் அரசியலும் வியாபாரமும் ஆண்கள் சவுனாவில் முடிவானால், பெண்களுக்கு அந்தப் பேச்சில் இடம் எங்கே? அன்று எங்கள் பக்கத்தில் ஒரு பார்ட்னர் இருந்தது என் அதிர்ஷ்டம். 2016-ல் திறந்த லொய்லு என்ற சவுனாவில் நீச்சலுடையோடு எல்லோரும் சேர்ந்தே உட்காருகிறார்கள். அது ஒரு வழி. ஆனால் என்னைப் போன்ற கூச்சக்காரிக்குப் பெண்கள் மட்டும் இருந்த அறைதான் வாசலைத் திறந்தது. எது சரி என்று இன்னும் குழப்பம்தான்.

முதல் தடவை போகிறவர்களுக்கு: வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், தலை சுற்றினால் கௌரவம் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.

வேலை கிடைத்ததா என்கிறீர்களா? இல்லை. ஊருக்கு வந்த பிறகு சுடிதார் தைக்கக் கொடுத்தேன். டெய்லர் அக்கா அளவு நோட்டைப் புரட்டிக்கொண்டே, "வழக்கம்போல முழங்கை வரைக்கும்தானே பாப்பா?" என்றார்.

"இருங்கக்கா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.