ஹோம் அலோனும் ஓடாத கடைசிப் பத்து நிமிடமும்

டிசம்பர் வந்தாலே டி.வி.யில் ஓடும் படம் ஹோம் அலோன். 1990 நவம்பர் 16 அன்று அமெரிக்காவில் வெளியானது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு பாரிஸ் கிளம்பும் ஒரு பெரிய குடும்பம், அவசரத்தில் எட்டு வயசுப் பையன் கெவினை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. வீட்டுக்குள் நுழையப் பார்க்கும் இரண்டு திருடர்களை அவன் தனியாகச் சமாளிக்கிறான். கதை இவ்வளவுதான். எழுதியவர் ஜான் ஹியூஸ், இயக்கம் கிறிஸ் கொலம்பஸ், கெவினாக வந்த பொடியன் மெக்காலே கல்கின்.

சரி, அந்தப் படத்துக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர்கள் அங்கே உண்டு. நடுராத்திரிப் பூசை, குடில், நட்சத்திரம், முறுக்கு, அதிரசம் எல்லாம் ஜோராக நடக்கும். அந்தப் பக்கத்து வீடு ஒன்றில் ஓர் அண்ணனும் தங்கையும். 2003 கிறிஸ்துமஸுக்கு அண்ணன் உத்தமபாளையம் போய் இந்தப் படத்தின் வி.சி.டி.யை வாங்கி வந்தான். அதற்கு முன்னால் படம் பார்ப்பது என்றால் டெக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே உட்கார்ந்து விடிய விடியப் பார்ப்பதுதான். சொந்தமாக ஒரு பிளேயர், சொந்தமாக ஒரு தட்டு என்பது அப்போது பெரிய விஷயம்.

படம் 103 நிமிடம். ஒரு வி.சி.டி.யில் சுமார் 74 நிமிடம்தான் கொள்ளும், அதனால் இரண்டு தட்டு. பாதியில் "அண்ணே, தட்டை மாத்து" என்று தங்கை கத்துவாள்.

வி.சி.டி. தரம் எப்படி இருக்கும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு பிரேமுக்கு 352 x 288, அதாவது மொத்தமே 1,01,376 புள்ளிகள். டி.வி.டி.யில் 720 x 576, அதாவது 4,14,720. வி.சி.டி.யைப்போல நாலு மடங்குக்கும் கொஞ்சம் கூட. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வெளிச்சத்துக்குத்தான் அந்த 352 x 288. நிறத்தைப் பதிவது அதிலும் பாதிக்குப் பாதி, 176 x 144. மனிதக் கண் வெளிச்சத்தைக் கவனிக்கும் அளவுக்கு நிறத்தைக் கவனிக்காது என்ற கணக்கில் செய்த சிக்கனம் அது.

மற்ற படத்துக்கு அது பரவாயில்லை. ஹோம் அலோன் வீட்டைக் கவனித்துப் பாருங்கள். சுவர், திரை, தரைவிரிப்பு, போர்வை எல்லாம் சிவப்பும் பச்சையுமாகவே இருக்கும். கிறிஸ்துமஸ் என்று வாயால் சொல்லாமல் நிறத்தால் சொல்லியிருப்பார்கள். வி.சி.டி. கோட்டை விடுவது சரியாக அந்த இடத்தில்தான். கெவினின் சிவப்பு ஸ்வெட்டர் கட்டம் கட்டமாக உடைந்து பக்கத்தில் ஒழுகும். இரவுக் காட்சிகளில் இருட்டு, கறுப்புச் சதுரங்களாக மிதக்கும். பனி வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி தெரியும். மலையிலிருந்து மூடுபனி இறங்குவதை மட்டுமே பார்த்த தங்கை, அமெரிக்காவில் பனி என்றால் சுண்ணாம்பு அடித்த தரை மாதிரிதான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள் :-)

இதில் ஒரு வேடிக்கை. படத்துக்குள்ளேயே ஒரு வீடியோ கேசட் வருகிறது. கெவின் ஒரு பழைய கறுப்பு வெள்ளை ரவுடிப் படத்தைப் போட்டு, அதில் வரும் துப்பாக்கிச் சத்தத்தை வைத்தே பீட்சா கொண்டு வந்தவனையும் திருடனையும் ஓட விடுவான். அந்த ரவுடிப் படம் நிஜமான பழைய படம் இல்லை, இந்தப் படத்துக்காகவே எடுத்தது. டி.வி. பெட்டிச் சத்தம் நிஜமாகவே ஒருவரை ஏமாற்றும் என்று நம்புவது 1990-ல் எளிது!

படம் மங்கலாக இருந்ததில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு வருத்தமும் இல்லை. பெயிண்ட் டப்பா வந்து திருடன் முகத்தில் மோதுவதற்கு எத்தனை புள்ளி வேண்டும்? அடி வாங்குவது எந்தத் தரத்திலும் அடி வாங்குவதுதான். அதே 1990 தீபாவளிக்கு வந்த மைக்கேல் மதன காமராஜனைக் கிழிந்த பிரிண்டில், தேய்ந்த கேசட்டில் பார்த்தே வசனத்தை மனப்பாடம் செய்தவர்கள் எத்தனை பேர்! மொழி நம்முடையது, காது பிடித்துக்கொள்ளும்.

பிரச்சினை அங்கேதான். ஹோம் அலோன் ஆங்கிலம். அந்த வி.சி.டி.யில் சப்டைட்டிலும் கிடையாது. கெவின் சர்ச்சுக்குள் போய்ப் பக்கத்து வீட்டுத் தாத்தாவோடு ரொம்ப நேரம் பேசும் ஒரு காட்சி இருக்கிறது. அடிதடி இல்லாத இடம். அண்ணன் தமிழில் ஒரு கதை சொன்னான்: "அவரு கோயில்பிள்ளை பாப்பா. மணி அடிக்க வந்துருக்காரு." தங்கையும் நம்பினாள்.

இன்னொரு குறை, இரண்டாவது தட்டில். கெவினின் அம்மா கதவைத் திறந்து உள்ளே வருவாள், படம் அப்படியே உறைந்துவிடும். சி.டி. உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகப்போகப் படிக்கப்படுவது. கைரேகையும் கீறலும் அதிகம் விழுவது வெளி ஓரத்துப் பக்கம். அதனால் முதலில் அடிபடுவது பல நேரம் கிளைமாக்ஸ். வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தார்கள், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அம்மாதான் வந்துவிட்டாளே, இதற்கு மேல் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். ஐந்து கிறிஸ்துமஸ் அப்படியே போனது.

2008 டிசம்பரில், மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் அதே படத்தின் டி.வி.டி.யோடு வந்தான். இங்கிலீஷ் சப்டைட்டில் இருந்தது. அவன் வாசித்து வாசித்துச் சொல்ல, வழக்கமாகப் பூசை முடிந்து தூங்கிவிடும் அப்பாவும் அன்றைக்கு உட்கார்ந்து பார்த்தார்.

அந்தத் தாத்தா கோயில்பிள்ளை இல்லை! சொந்த மகனோடு வருஷக்கணக்காகப் பேச்சு இல்லாதவர். மகன் வீட்டுப் படி ஏற முடியாமல், பேத்தி பாடுவதைக் கேட்க மட்டும் சர்ச்சுக்கு வந்தவர். போன் செய்து பேசுங்கள் என்கிறான் கெவின். கதவைத் திறந்து வந்த அம்மாவுக்குப் பிறகும் படம் இருந்தது. கெவின் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். வெளியே பனியில் அந்தத் தாத்தா பேத்தியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் மகன்.

அந்த வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. காரணம் உண்டு. திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் முறை வைப்பதில் வந்த சண்டையில், அப்பாவும் பெரியப்பாவும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பா வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்.

"யாரு மொதல்ல போன் போட்டதுன்னு காட்டலையா?"

"இல்லப்பா, அதைக் காட்டல."

"ம்" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் வைத்துத் தங்கையிடம் கொடுத்து, "பெரியம்மாட்ட குடுத்துட்டு வா பாப்பா" என்றார். தட்டைச் சும்மா திருப்பித் தரக்கூடாது இல்லையா, அதில் பன்னீர் திராட்சை நாலு கொத்து வந்தது. கம்பத்துப் பக்கம் திராட்சை வருஷம் முழுக்கக் காய்க்கும், கொடுக்க நினைத்தால் எந்த மாதமும் கொடுக்கலாம். படம் பார்த்துத்தான் அப்பா மாறினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. அண்ணன் தம்பி உட்கார்ந்து பேச இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அதுவரை தட்டு மட்டும் போய் வந்தது.

ஹோம் அலோன் 2008-ல் ப்ளூரேயிலும் 2020-ல் 4கே டிஸ்க்கிலும் வந்துவிட்டது. 35 எம்.எம். பிலிமில் எடுத்த படம், நெகட்டிவ் நன்றாக இருந்ததால் இவ்வளவும் எடுக்க முடிகிறது. 4கே என்றால் சுமார் 83 லட்சம் புள்ளிகள், வி.சி.டி.யைப்போல எண்பது மடங்குக்கு மேல். பிலிம் கிரெயின் தெரிகிறதா, நிறம் சரியா என்று தரம் பார்ப்பவர்கள் அலசுவதும் நியாயம்தான். அந்தச் சிவப்பையும் பச்சையையும் அப்படியே பார்ப்பது தனி சுகம். ஆனால் அந்த அண்ணனும் தங்கையும் யாராவது பழைய டிஸ்க் கொடுத்தால் இரண்டே கேள்விதான் கேட்பார்கள்: சப்டைட்டில் இருக்கா, கடைசி வரைக்கும் ஓடுமா?

வீட்டுப் பரணில் பழைய தட்டு எதுவும் பாதியில் நின்று கிடந்தால், இந்த விடுமுறையில் அந்தப் படத்தை எங்காவது தேடி முடிவைப் பார்த்துவிடுங்கள்.