சின்னக் கல்லூரியில் படித்தால் என்ன?

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" மதிய உணவுக்கு ஒரே பெஞ்சைச் சுற்றி அமரும் நாங்கள் ஐவரும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறோம். வேதியியலும் உயிர் வேதியியலும் படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்கு வித்திட்டது ஒரு கிண்ணம் வடிகஞ்சி.

கோடை விடுமுறையில் ஒருநாள், ஆறிய கஞ்சியில் ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விட்டோம். கருநீலமாயிற்று. இன்னொரு கிண்ணத்துக் கஞ்சியில் சிறிது உமிழ்நீரைக் கலந்து, வெதுவெதுப்பாக வைத்திருந்து, பிறகு அதே சொட்டை விட்டோம். நீலம் வரவே இல்லை! உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிட்டது. பொருள்கள் சேர்வதையும் சிதைவதையும் ஆராய்வது வேதியியல். அதே மாற்றங்கள் உயிருள்ள உடலுக்குள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்வது உயிர் வேதியியல். இரண்டையும் ஒரே அடுக்களையில் கண்டுவிட்டோம். "கஞ்சியில் துப்பியது யார்?" என்று தோழியின் அம்மா அதட்டியபோதுதான் ஆராய்ச்சி நின்றது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அந்தத் தோழி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ முடித்த அவளுடைய அக்காவுக்கு ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேதியியலுக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் அப்பாவோ, "பெரிய கல்லூரி என்றால் அனுப்பலாம். அந்தச் சின்ன இடத்தில் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று படிவத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். அக்காவுக்கு மூடிய கதவு நாளை தங்கைக்கும் மூடுமல்லவா?

நாங்கள் எங்கள் வேதியியல் சிஸ்டரிடம் ஓடினோம். அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. தம்மைப் போன்ற ஒரு கன்னியரின் கதையைச் சொன்னார்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், ஏட்ரியன் என்று ஒரு சிற்றூர். அங்கே டொமினிக்கன் கன்னியர் நடத்திய சயீனா ஹைட்ஸ் என்னும் சிறிய கல்லூரியில் படித்து, அங்கேயே வேதியியல் ஆசிரியையானவர் சிஸ்டர் மிரியம் மைக்கேல் ஸ்டிம்சன். 1913-இல் சிகாகோவில் பிறந்தவர். அந்நாளில் டி.என்.ஏ.விலுள்ள நைட்ரஜன் காரங்களின் சரியான வடிவம் என்ன என்பது பெரும் புதிராக இருந்தது. ஹைட்ரஜன் அணு எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்று அகச்சிவப்புக் கதிரைச் செலுத்திப் பார்க்கலாம். ஆனால் அந்தக் காரங்கள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. தண்ணீரோ அந்தக் கதிரைத் தானே விழுங்கிவிடும்.

சிஸ்டர் என்ன செய்தார்? பொட்டாசியம் புரோமைடு என்னும் உப்பு அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதில்லை. அந்த உப்போடு காரத்தைப் பொடித்துக் கலந்து, மிகுந்த அழுத்தத்தில் அழுத்திக் கண்ணாடி போன்ற சிறு வில்லையாக்கினார். அதன் வழியே கதிரைச் செலுத்தினார். 1952-இல் இம்முறை வெளியாயிற்று. மறு ஆண்டு வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட இரட்டைச் சுருள் அமைப்பில் காரங்கள் இணை சேர்வதற்கு அணுவின் இருப்பிடமே முக்கியம். அதை உறுதிப்படுத்தச் சிஸ்டரின் ஆய்வு உதவியது. தம்மிடம் பயின்ற இளங்கலை மாணவியரையும் அவர் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார் என்பதைக் கேட்டபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது.

"அந்தக் கல்லூரி இப்போது எப்படி இருக்கிறது, சிஸ்டர்?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னாளில் பல்கலைக்கழகமான அது, 2025–26 கல்வியாண்டோடு மூடப்படும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டதாம். சிறிய இடங்களுக்குப் பணக்கஷ்டம் உண்டு. அதை மறைக்கக் கூடாது என்றார். ஆனால் அந்த உப்பு வில்லையை இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் செய்கிறார்கள்.

அன்று மாலை ஒரு தாளில் மூன்று கேள்விகள் எழுதினோம். ஆய்வுக்கூடத்தில் கருவியை மாணவியே கையாளலாமா? ஆசிரியருக்கு மாணவியின் பெயர் தெரியுமா? பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டால் பதில் கிடைக்குமா? தோழி அதைத் தன் அப்பாவின் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

மறு சனிக்கிழமை அவர் அக்காவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறி அந்தக் கல்விக்கூடத்துக்கே போய் வந்தார். இரவு சாப்பிடும்போது, "ஆளுக்கொரு பியூரெட் வைத்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னாராம். காலையில் படிவம் கையெழுத்தோடு மேசைமேல் இருந்தது.

அக்கா இப்போது முதலாண்டு மாணவி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர் எங்களுக்கு அமில, காரத் தரம் பார்த்தலை விளக்கினார். பினாப்தலீன் இளஞ்சிவப்பாகும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். கூடிவிட்டால் மறுபடி முதலிலிருந்து! முதல் மாதம் ஐந்து முறை கூட்டிவிட்டாராம். ஆசிரியை ஐந்து முறையும் பக்கத்தில் நின்றாராம்.

அன்புத் தோழியரே, கல்லூரியின் வாசல் பெரியதா என்று மட்டும் பாராதீர்கள். உள்ளே உங்கள் கைக்கு வேலை உண்டா என்று கேளுங்கள். நாங்கள் ஐவரும் அறிவியல் பிரிவு எடுக்கவே முடிவு செய்திருக்கிறோம். ஆனால் இனிமேல் சமையல் பாத்திரங்களைத் தொடுவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம்.