ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் பலருக்கும் சினிமா வசனம்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. கும்பினிச் சிப்பாய்களின் துப்பாக்கிக்கும் அதில் போட்ட குண்டுக்கும் அளவு பொருந்தாது!

அந்தத் துப்பாக்கிக்கு 'பிரவுன் பெஸ்' என்று பட்டப்பெயர். குழலின் உள்விட்டம் சுமார் 19 மி.மீ. காரீயத்தை உருக்கி அச்சில் வார்த்த குண்டு சுமார் 17.5 மி.மீ. அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. தெரியாமல் செய்த தப்பு இல்லை, வேண்டுமென்றே வைத்ததுதான். கருமருந்து எரிந்தால் குழலுக்குள் கரி அப்பிக்கொள்ளும். குண்டு கச்சிதமாக இருந்தால் நாலைந்து சூட்டுக்குப் பிறகு உள்ளே இறங்காது. தொளதொளவென்று இருந்தால், பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம்.

லாபம் வேகம். நஷ்டம் குறி. வெடித்த வாயு இடைவெளி வழியாகக் கசியும், குண்டு குழலின் சுவரில் மோதி மோதி வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ, அதற்கேற்ப விலகிப் பறக்கும். 100 கஜம் தாண்டினால் ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம்தான். அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்த கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31 அன்று கும்பினிப் படை உடைப்பு வழியாக ஏறியது. உள்ளே நீண்ட ஈட்டிகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அவ்வளவு நெருக்கத்தில் மறுபடி குண்டு போட ஏது நேரம்? படை பெரும் சேதத்தோடு திரும்பியது. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்தபிறகு, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது.

சரி, இந்த இடைவெளியை அடைக்க வழியே இல்லையா? இருந்தது. எண்ணெய் தடவிய துணியிலோ தோலிலோ குண்டைச் சுற்றி இறுக்கித் திணிப்பார்கள். உள்ளே முறுக்குவரி வெட்டிய ரைஃபிளுக்கு அது அருமையாகப் பொருந்தும். ஆனால் நேரம் பிடிக்கும். தேய்ந்துபோன குழல் என்றால் முதலில் மெத்தென்ற காரீயத் துண்டு ஒன்றை உள்ளே தள்ளி எடுத்து, அதில் பதிந்த அளவைப் பார்த்துப் புதிய அச்சு செய்வதும் உண்டு.

1849-ல் பிரான்சின் மினியே ஒரு வழி கண்டுபிடித்தார். குண்டு நீளமாக, அடிப்பக்கம் குழிவாக இருக்கும். போடும்போது லேசாக இறங்கும், வெடித்ததும் வாயு அடிப்பக்கத்தை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கும். இதற்கு மெதுவான காரீயம்தான் வேண்டும். வேறு உலோகம் கலந்து கெட்டியாக்கினால் சரியாக விரியாது.

இதே வழியில் வந்ததுதான் 1853 என்ஃபீல்ட் ரைஃபிள். குழல் 0.577 அங்குலம், குண்டு முதலில் 0.568. கரி படிந்ததும் சிரமம் தந்ததால் பிறகு 0.55 ஆகக் குறைத்தார்கள். குண்டு வழுக்கி இறங்க, அதைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பு தடவினார்கள். அந்தக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பரவியது. 1857-ல் வடக்கே சிப்பாய்கள் எழுந்ததற்கு அது உடனடிக் காரணம் ஆனது. 1858-ல் கும்பினி ஆட்சியே முடிந்தது.

ஒட்டப்பிடாரம் பக்கம் போனால் 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்க்கலாம். பழைய மண்கோட்டையை 1801-லேயே தரைமட்டமாக்கிவிட்டார்கள்.