ஆயில் குடிக்கிற வண்டி

எங்க பக்கத்துல கிணத்துமேட்டு ஆயில் எஞ்சினை ஹேண்டில் போட்டுச் சுத்தறதுக்கு முன்னாடி ஆயில் குச்சியை உருவிப் பார்க்காத ஆள் கிடையாது. துணியில துடைச்சு, திரும்ப விட்டு, உருவி, வெளிச்சத்துல காட்டி, குறைஞ்சிருந்தா கொஞ்சம் ஊத்தின பிறகுதான் ஹேண்டிலைத் தொடுவாங்க. அதே ஆளுங்க, அந்த எஞ்சினைவிடப் பல மடங்கு வேகமாச் சுத்தற பைக்கோட ஆயில் மூடியைத் தொடறதே இல்லை. சர்வீசுக்கு விட்டா மெக்கானிக் திறந்து பார்ப்பார், அதோட சரி.

டிவிஎஸ் 50 பழக்கின பழக்கம் இதுன்னு எனக்கு ஒரு எண்ணம். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில பெட்ரோலோட ஆயிலைக் கலந்து ஊத்துவோம், அது எரிஞ்சு புகையாப் போயிடும். பங்க்குலயே கலந்து தருவாங்க. ஆயிலைத் தனியா கவனிக்கிற வேலையே இல்லை. அதுல கை பழகினவங்கதான் ஸ்பிளெண்டருக்கு மாறினாங்க. இதுல ஆயில் எஞ்சினுக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கணும், எரியக் கூடாது. ஆனா கொஞ்சம் கொஞ்சமா எரியத்தான் செய்யும்.

கிணத்து எஞ்சின் தான் இறைக்கிற தண்ணியிலேயே ஒரு பங்கை வாங்கித் தன் சூட்டை ஆத்திக்கும். பைக் அப்படித்தான், ஆனா தண்ணிக்குப் பதில் காத்து. ஓடினாத்தான் காத்து. சிலிண்டரைச் சுத்தி வரிவரியா இருக்கிற தகடுகள்ல காத்து பட்டாத்தான் சூடு இறங்கும். காலை ஒன்பது மணிக்கு வண்டலூர்ல இருந்து பெருங்களத்தூர் தாண்டறவங்களுக்கும், மேடவாக்கம் சிக்னல்ல நிக்கறவங்களுக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் ஓடுது, வண்டி ஓடலை. சூட்டுல ஆயில் தண்ணி மாதிரி இளகும். தண்ணியால குளிர்ற எஞ்சின் மாதிரி இதுல சூடு ஒரே நிலையில நிக்காது. அதனால பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம் தாராளமாவே விட்டிருப்பாங்க. இளகின ஆயில் ரிங்கைத் தாண்டி மேல ஏறி எரியும். கொஞ்சம் ஆவியாவும் போகும்.

எங்க வண்டிகளுக்கு இன்னும் ரெண்டு கேடு. ஸ்பிளெண்டர் சிலிண்டர் படுத்த மாதிரி, முன் சக்கரத்துக்கு நேர் பின்னாடி இருக்கும். வரப்பு ஓரத்துச் சேறு தகடுகளுக்கு நடுவுல அப்பிக் காய்ஞ்சு கம்பளி போத்தின மாதிரி ஆயிடும். இன்னொண்ணு, வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டுல லாரி கிளப்பற தூசி. ஏர் ஃபில்டர் கிழிஞ்சிருந்தா அந்தத் தூசி உள்ளே போய் ரிங்கைத் தேய்ச்சுடும்.

போன சித்திரையில பக்கத்து நிலத்து அண்ணன், கீரை பறிக்க நேரமாகி எட்டு மணிக்கு மேலதான் தாம்பரம் கிளம்பினார். முடிச்சூர் ரோட்டுல ஊர்ந்து போறப்ப பின் சக்கரம் பூட்டு போட்ட மாதிரி நின்னுடுச்சு. மெக்கானிக் அடியில போல்ட்டைக் கழட்டினா ஒரு டீ கிளாஸ் ஆயில்கூட வரலை.

"அண்ணே, ஆயில் எங்க?"

"ஒழுகலையேப்பா. புகையும் வரலை."

அதுதான் விஷயம். ஒழுகினா தரையில தெரியும். மெல்ல மெல்ல எரியறது கண்ணுக்குத் தெரியாது. இந்த வண்டிக்கு மொத்தமே சுமார் ஒரு லிட்டர் ஆயில்தான். கால் லிட்டர் போச்சுன்னா கால் பங்கே போச்சு. கார்ல அதே கால் லிட்டர் பெரிய சங்கதி இல்லை. அண்ணனுக்கு சிலிண்டர், பிஸ்டன், மேல கேம், எல்லாம் மாத்த வேண்டியதாச்சு. அன்னைக்குக் கீரை வாடி, பாதி விலைக்குப் போச்சு. வண்டி இல்லாத நாள்ல அறுக்காத முளைக்கீரை முத்திப் போய் மாட்டுக்குத்தான் ஆச்சு.

புல்லட்காரங்க இதுல உஷார். 1955ல திருவொற்றியூர்ல ஆரம்பிச்ச வண்டி, 2013ல இருந்து இங்க ஒரகடத்துலயும் தயாராகுது. பழைய புல்லட்ல ஆயில் சொட்டலைன்னா உள்ளே ஆயிலே இல்லைன்னு அர்த்தம்னு சிரிப்பாங்க. சிரிச்சுக்கிட்டே தினமும் பார்ப்பாங்க. அந்தப் பழசுல ஒரு நெளிவு உண்டு: நின்ன வண்டியில ஆயில் இடம் மாறி இறங்கிடும், சில நிமிஷம் ஓட்டிட்டுத்தான் அளவு பார்க்கணும்.

ஸ்பிளெண்டர் வச்சிருக்கிறவங்க சமதரையில மெயின் ஸ்டாண்டு போட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சுக் குச்சியைத் துடைச்சு உள்ளே வைங்க. திருகக் கூடாது, சும்மா வச்சு எடுக்கணும். திருகிப் பார்த்தா இருக்கிறதைவிட அதிகமாக் காட்டும். சில வண்டியில குச்சிக்குப் பதில் சின்னக் கண்ணாடி இருக்கும், அது இன்னும் சுலபம். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் மட்டும் நீலப்புகை வந்து நின்னா பெரும்பாலும் வால்வு சீல், சின்னச் செலவு. முறுக்கறப்பல்லாம் வந்தா ரிங்கைப் பார்க்கச் சொல்லுங்க. குறையறதுக்கு ஊத்தறப்போ கார் ஆயிலை ஊத்திடாதீங்க. பைக்ல கிளட்ச்சும் அதே ஆயில்லதான் முங்கிக் கிடக்கு, வழுக்க ஆரம்பிச்சுடும். டப்பாவுல ஜாசோ எம்ஏன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க.

அண்ணன் இப்போ புது பிஸ்டனுக்குப் பயந்து பாதிப் பாரம்தான் ஏத்தறார். தாம்பரத்துக்கு ரெண்டு நடை.